நீர்மூழ்கிக் கப்பலில் பிறந்த சூயிங்கம்

கொஞ்சம் நீளமான த்ரெட் இது. டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க. கூடவே சிகரெட் வேண்டாம்.

சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. அரசு மருத்துவமனை வார்டில் டியூட்டியில் இருந்தேன். மாரடைப்போடு அட்மிட் ஆகி நான்காவது நாளில் இருந்த ஒரு கொத்தனார், வயது ஐம்பத்தைந்து இருக்கும், ரவுண்ட்ஸ் நேரத்தில் கட்டிலில் இல்லை. தேடிப் போனால் கழிப்பறை ஜன்னல் ஓரம் நிற்கிறார். ஒரு கையில் வென்ஃப்ளான், இன்னொரு கையில் பீடி.

எனக்கு வந்ததே கோபம். வார்டே கேட்கிற மாதிரி கத்தினேன். "உங்க உயிரைக் காப்பாத்த இத்தனை பேர் ராத்திரி பகலா கிடக்குறோம். நாலு நாள் இது இல்லாம இருக்க முடியாதா? கொஞ்சம்கூட மன உறுதி கிடையாதா?"

அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "வேணும்னு குடிக்கல சார். அது இல்லாம உள்ளுக்குள்ள என்னவோ பண்ணுது."

மறுநாள் தன் சொந்தப் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுபரிசோதனைக்கும் வரவில்லை.

இதில் எனக்கு உறுத்துவது என்னவென்றால், நானே ஹவுஸ் சர்ஜன் காலத்தில் நைட் டியூட்டி முடித்து டீக்கடையில் நின்று பிடித்தவன். மூன்று முறை விட்டு மூன்று முறை திரும்பத் தொட்டவன். அந்த "என்னவோ பண்ணுது" எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் "மன உறுதி" என்ற வார்த்தைதான் என் வாயில் வந்தது. அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இங்கிலாந்துக்குப் போவோம். 1942. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருக்கிறது. ராணுவ வீரனின் சாப்பாட்டுப் பொட்டலத்திலேயே சிகரெட்டும் வைத்துக் கொடுத்த காலம். டாக்டர்களும் பிடிப்பார்கள், நோயாளிகளும் பிடிப்பார்கள், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள்.

அந்த நேரத்தில் லென்னாக்ஸ் ஜான்ஸ்டன் என்று ஒரு டாக்டர். ஸ்காட்லாந்துக்காரர். பெரிய பேராசிரியர் எல்லாம் கிடையாது, நம்ம மாதிரி காய்ச்சல் இருமல் பார்க்கிற சாதாரண பொது மருத்துவர். அவருக்கு ஒரு சந்தேகம். மக்கள் சிகரெட்டில் தேடுவது எதை? புகையின் ருசியையா, கையில் பிடிக்கிற பழக்கத்தையா, இல்லை உள்ளே போகிற நிகோட்டினையா?

சந்தேகத்தைத் தீர்க்க அவர் செய்த காரியத்தை இன்று எந்த எத்திக்ஸ் கமிட்டியும் அனுமதிக்காது. நிகோட்டினை ஊசியில் ஏற்றி 35 பேருக்குப் போட்டார். தனக்கும் போட்டுக்கொண்டார். புகைப் பழக்கம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு ஊசி இதமாக இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு சிகரெட் தேடவில்லை. பழக்கம் இல்லாதவர்களுக்கு அந்த உணர்வு பிடிக்கவே இல்லை.

இதைவிட முக்கியமானது அவருக்கே நடந்தது. ஏறக்குறைய 80 ஊசிகள் போட்டுக்கொண்ட பிறகு, சிகரெட்டை விட ஊசியே தேவலாம் என்று அவருக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. ஊசியை நிறுத்தியபோது எதையோ இழந்த மாதிரி இருந்தது. புகை இல்லை, நெருப்பு இல்லை, விரலிடுக்கில் எதுவும் இல்லை. வெறும் நிகோட்டின் மட்டும்தான். ஆனாலும் உள்ளுக்குள் "என்னவோ பண்ணியது".

அந்த வருடமே 'லான்செட்' இதழில் எழுதினார். அபின் புகைப்பது எப்படி மார்ஃபினை உடம்புக்குள் அனுப்புகிற வழியோ, அப்படியே சிகரெட் என்பது நிகோட்டினை அனுப்புகிற வழி என்பது அவர் வாதம். கேட்பாரில்லை. ஏதோ கிறுக்குப் பிடித்த மனுஷன் என்கிற மாதிரிதான் அவரை நடத்தினார்கள்.

அதன் பிறகு உலகத்தின் கவனம் வேறு பக்கம் போனது. 1950-இல் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். 1951-இல் இங்கிலாந்து டாக்டர்களுக்கே கடிதம் போட்டு அவர்களின் புகைப் பழக்கத்தைக் கேட்டு, யார் எதனால் இறக்கிறார்கள் என்று பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இது பெரிய கதை, இன்னொரு நாள் பேசுவோம். ஒரு காட்சி மட்டும். 1954 பிப்ரவரியில் இங்கிலாந்தின் சுகாதார அமைச்சர் இயன் மெக்லவுட், சிகரெட்டுக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது என்று பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். அறிவிக்கும்போதே ஒன்று மாற்றி ஒன்றாக சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு வருகிறதல்லவா? எனக்கும் வந்தது. அப்புறம் அந்தக் கொத்தனார் ஞாபகம் வந்தது. அமைச்சருக்குத் தகவல் தெரியாமலா பிடித்தார்? அந்த அறையில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லையே. ஆபத்து தெரிந்தால் ஆள் விட்டுவிடுவான் என்று நாம் நினைக்கிறோம். அறிக்கையைக் கையில் வைத்திருந்த அமைச்சராலேயே அன்றைக்கு முடியவில்லை.

1964-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் லூதர் டெர்ரியின் புகழ்பெற்ற அறிக்கை வந்தது. புற்றுநோய் விஷயத்தில் தெளிவாகப் பேசிய அந்த அறிக்கை, விட முடியாமை பற்றிய இடத்தில் சறுக்கியது. புகைப்பதை "அடிமைத்தனம்" என்று சொல்லாமல் "பழக்கம்" என்ற வகையில் வைத்தது. ஹெராயின் போன்றவை அடிமைத்தனம், சிகரெட் வெறும் பழக்கம். அன்றைக்கு இருந்த வரையறைகள் அப்படி.

ஒரு வார்த்தைதானே என்று விட்டுவிட முடியாது. பழக்கம் என்றால் அதை விடுவது உன் பொறுப்பு, விடாவிட்டால் குற்றம் உன்னுடையது. டாக்டர் செய்ய வேண்டியது எதுவும் இல்லை, கத்தினால் போதும். வார்டில் நான் கத்தியதற்கும் இந்த வார்த்தைக்கும் ரொம்ப தூரம் இல்லை.

இத்தனைக்கும் அந்த அறிக்கை வருவதற்கு முந்தைய வருடம், 1963 ஜூலையில், பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற அமெரிக்க சிகரெட் கம்பெனியின் சட்ட ஆலோசகர் அடிசன் யேமன் ஒரு உள் குறிப்பு எழுதியிருக்கிறார். நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள், நம் வியாபாரமே அதை விற்பதுதான் என்ற பொருளில். வெளியே அரசாங்கம் "பழக்கம்" என்று எழுதிக்கொண்டிருக்க, உள்ளே விற்கிறவனுக்குச் சரக்கு என்னவென்று சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் காகிதம் வெளியே வந்தது 1994-இல். 31 வருடம்!

சரி, இப்போது தலைப்புக்கு வருகிறேன்.

ஸ்வீடன். 1967 கடைசி. லுண்ட் நகரில் கிளாஸ் லண்ட்கிரன் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரும் அவர் சகா ஸ்டெஃபன் லிக்ட்னெக்கர்ட்டும் நீர்மூழ்கிக் கப்பல் வீரர்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்கு அடியில் மூடிய இரும்புக் குழாய்க்குள் இருக்கிறவன் சிகரெட் பற்ற வைக்க முடியாது. மேலே இருக்கும்போது பாக்கெட் பாக்கெட்டாக ஊதுகிறவர்கள் கீழே போனால் என்ன செய்கிறார்கள்?

புகையிலையை வாய்க்கு மாற்றிக்கொண்டார்கள். ஸ்வீடனில் 'ஸ்னூஸ்' என்று ஈரப் புகையிலைத் தூள் உண்டு, உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள். புகை இல்லாமலே பொழுது ஓடியது. மேலே வந்ததும் மறுபடி சிகரெட்.

ஜான்ஸ்டன் ஊசியில் பார்த்ததை இந்த வீரர்கள் யாரும் சொல்லாமலே தங்கள் உதட்டில் செய்து காட்டிவிட்டார்கள். லண்ட்கிரன் இதை ஒரு கடிதமாக எழுதினார். புகை இல்லாமல் நிகோட்டினை மட்டும் வாய் வழியாகக் கொடுத்தால் சிகரெட்டுக்கு மாற்றாக இருக்குமே, நீங்கள் ஏன் முயலக்கூடாது என்று. கடிதம் போன இடம் ஹெல்சிங்போர்க் நகரில் இருந்த லியோ என்ற மருந்துக் கம்பெனி. வாங்கிப் படித்தவர் அதன் ஆராய்ச்சித் தலைவர் ஓவே ஃபெர்னோ. வேதியியலாளர். அவரே கடுமையாகப் புகைப்பவர்.

(இங்கே ஒரு எச்சரிக்கை. "அப்போ ஹான்ஸ் போட்டா நல்லதா டாக்டர்?" என்று கமெண்டில் வராதீர்கள். ஸ்வீடன்காரன் ஸ்னூஸ் வேறு, நம்ம ஊர் பாக்கெட் புகையிலையும் குட்காவும் வேறு. வாய்ப் புற்றுநோயோடு தாடை வீங்கி வருகிறவர்களை நான் ஓபியில் பார்க்கிறேன்.)

ஃபெர்னோ தேர்ந்தெடுத்த வடிவம் சூயிங்கம். ஏன் மாத்திரை இல்லை? நிகோட்டினை விழுங்கினால் குடலில் இருந்து நேராகக் கல்லீரலுக்குப் போகும். கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிட்டுத்தான் மிச்சத்தை ரத்தத்தில் விடும். மிஞ்சுவது வயிற்றெரிச்சலும் விக்கலும். வாயின் உள்தோல் வழியாகப் போனால் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு நேரே ரத்தத்துக்குப் போகலாம்.

யோசனை சரி. செய்து பார்த்தால் சிக்கல். கம்மில் சும்மா கலந்த நிகோட்டின், நாலு கடி கடித்ததும் மொத்தமாக வெளியே கொட்டிவிடுகிறது. தொண்டை எரியும், தலை சுற்றும், கொஞ்ச நேரத்தில் சக்கைதான் மிஞ்சும்.

தீர்வு வந்தது தண்ணீர் சுத்திகரிப்பில் பயன்படும் ஒரு பொருள் வகையில் இருந்து. அயனிப் பரிமாற்றப் பிசின் என்பார்கள். நிகோட்டின் அந்தப் பிசினோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மெல்லும்போது எச்சிலில் உள்ள உப்பு வந்து அதன் இடத்தைப் பிடிக்க, நிகோட்டின் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வரும். மெல்லுவதை நிறுத்தினால் வருவதும் குறையும். அதாவது குழாய் உங்கள் பல்லில் இருக்கிறது. இதோடு எச்சிலைக் காரத்தன்மையில் வைக்க சோடா உப்பு வகையும் சேர்த்தார்கள். வாய் காரமாக இருந்தால்தான் நிகோட்டின் தோலைக் கடந்து உள்ளே போகும்.

தயாரான பிறகும் இது மருந்தா, மிட்டாயா, புகையிலைப் பொருளா என்று அதிகாரிகளுக்குக் குழப்பம். "பழக்கத்துக்கு" எதற்கய்யா மருந்து? ஸ்வீடனில் பிறந்த பொருள் முதலில் அனுமதி பெற்றது ஸ்விட்சர்லாந்தில், 1978-இல். அமெரிக்காவுக்கு 1984-இல்தான் போய்ச் சேர்ந்தது. கடிதத்தில் இருந்து கணக்குப் போட்டால் 16 வருடங்கள்.

லண்டனில் மைக்கேல் ரஸ்ஸல் என்று ஒரு மனநல மருத்துவர். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த ஆள் இவர்தான். மனிதர்கள் நிகோட்டினுக்காகப் புகைக்கிறார்கள், ஆனால் சாவது தாரினால் என்பதை 1976-லேயே தெளிவாக எழுதியவர். அவர் குழு 1982-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சோதனையை வெளியிட்டது. 116 பேர். 58 பேருக்கு நிகோட்டின் கம், 58 பேருக்கு டம்மி கம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கவுன்சலிங். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நிகோட்டின் கம் மென்றவர்களில் 47 சதவீதம் பேர் புகைக்கவில்லை. டம்மியில் 21 சதவீதம்.

இதை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். இரண்டு மடங்குக்கு மேல் வெற்றி, உண்மை. அதே நேரம் மருந்தும் கொடுத்து, சிறப்பு கிளினிக்கில் வைத்துக் கவனித்தும், பாதிக்கு மேற்பட்டவர்களால் முடியவில்லை. அவர்களும் விட வேண்டும் என்று விரும்பித் தாங்களாகவே வந்தவர்கள்தான். பிற்பாடு நூற்றுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்ததில் கிடைத்த கணக்கு இன்னும் அடக்கமானது. நிகோட்டின் மாற்று சிகிச்சை வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. "கம் போட்டேன், முடியல, நான் லாயக்கில்லாதவன்" என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். மறுபடி முயல வேண்டியதுதான். நான் நாலாவது முறையில் விட்டவன்.

ரஸ்ஸலின் இன்னொரு ஆய்வு 1979. இதில் மருந்தே கிடையாது. லண்டனில் 28 பொது மருத்துவர்கள், 2,000-க்கும் மேற்பட்ட புகைப்பவர்கள். ஒரு பிரிவுக்கு டாக்டர் ஓரிரு நிமிடம் "விட்டுடுங்க" என்று அக்கறையாகச் சொல்லி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்து, "பிறகு விசாரிப்போம்" என்றும் சொன்னார். ஒரு வருடம் கழித்து அந்தப் பிரிவில் 5.1 சதவீதம் பேர் விட்டிருந்தார்கள். எதுவும் சொல்லாத பிரிவில் 0.3 சதவீதம்.

ஐந்து சதவீதம்தானா என்று தோன்றும். ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது பேர் பார்க்கிற நம் ஓபியில் இருந்து யோசித்துப் பாருங்கள். செலவு இரண்டு நிமிடம். கத்துவதற்கும் அதே இரண்டு நிமிடம்தான் ஆகிறது.

1988-இல் அமெரிக்க சர்ஜன் ஜெனரல் எவரெட் கூப்பின் அறிக்கை நிகோட்டின் அடிமைப்படுத்தும் பொருள்தான் என்று எழுதியது. ஜான்ஸ்டனின் ஊசிக்குப் பிறகு 46 வருடங்கள். அதற்குப் பிறகும் 1994 ஏப்ரல் 14 அன்று ஏழு பெரிய புகையிலைக் கம்பெனிகளின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வரிசையாக உட்கார்ந்து, சத்தியப் பிரமாணத்தின் பேரில், நிகோட்டின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்றார்கள். 2009-இல் நிகோட்டின் மாற்று சிகிச்சை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் ஏறியது. மிட்டாயா மருந்தா என்ற சண்டை அத்தோடு முடிந்தது.

இனி நம்ம ஊருக்கு.

இந்த கம் இங்கே மெடிக்கலில் கிடைக்கிறது. வாங்கி மென்றவர்கள் என்னிடம் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான். "வாயெல்லாம் எரியுது, விக்கல் வருது, வேலை செய்யல சார்." எப்படி மென்றீர்கள் என்று கேட்டால், பபுள்கம் மாதிரி விடாமல் மென்று எச்சிலை விழுங்கியிருப்பார்கள். நிகோட்டின் முழுக்க வயிற்றுக்கு, அங்கிருந்து கல்லீரலுக்கு. ஃபெர்னோ எதைத் தவிர்க்க அத்தனை பாடுபட்டாரோ அதுவே நடந்துவிடும்.

சரியான முறைக்கு நம்மிடம் அழகான ஒரு வார்த்தை இருக்கிறது. அதக்குதல். வெற்றிலைப் புகையிலையைக் கன்னத்துக்குள் அதக்கி வைப்பார்களே, அதேதான். மெதுவாக மெல்லுங்கள். வாயில் சுருசுருவென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்குங்கள். சுருசுருப்பு அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று கடி, மறுபடி இடம் மாற்றி அதக்கல். ஒரு கம் அரை மணி நேரம் வரும். மெல்லும்போதும் அதற்கு முந்தைய பதினைந்து நிமிடமும் காபி, கூல்டிரிங்க்ஸ், ஜூஸ் வேண்டாம். அமிலம் பட்டால் அந்தக் காரத்தன்மை போய்விடும், நிகோட்டின் உள்ளே இறங்காது.

எவ்வளவு பலம்? ஸ்வீடன் உளவியலாளர் காரல் ஓலோவ் ஃபாகர்ஸ்ட்ரோம் 1978-இல் அடிமைத்தனத்தை அளக்க ஒரு கேள்விப் பட்டியல் போட்டார். அதில் ஒரு கேள்வி மிக முக்கியமானது. காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? நிகோட்டின் ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் இரண்டு மணி நேரம்தான் ஆகும், அதனால் இரவு முழுக்கத் தூங்கி எழும்போது மூளை காய்ந்துபோய்க் கிடக்கும். அரை மணி நேரத்துக்குள் தேடினால் கடுமையான பிடிப்பு, பொதுவாக 4 மில்லிகிராம் தேவைப்படும், மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். அதற்கு மேல் தாங்கினால் 2 மில்லிகிராம் போதும். மாரடைப்பு வந்து இரண்டு வாரம் ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், சிறுவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

அப்புறம் அந்த "என்னவோ பண்ணுது". விட்ட இரண்டாவது, மூன்றாவது நாள்தான் உச்சம். எரிச்சல், தூக்கமின்மை, அகோரப் பசி, எதிலும் மனம் நிற்காது, சிலருக்கு மலச்சிக்கல். மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். நடுவில் திடீரென்று அலை மாதிரி வருகிற அந்த இழுப்பு சில நிமிடங்கள்தான் நிற்கும். அந்த நேரத்தில் டீக்கடை வாசலில் நின்றால் தோற்போம். எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், யாருக்காவது போன் போடலாம். நான் பைக்கைத் துடைத்தேன். அந்த மாதம் என் பைக் ஷோரூம் வண்டி மாதிரி இருந்தது. போன் போட ஆள் இல்லையென்றால் மத்திய அரசின் இலவச எண் 1800-11-2356, தமிழிலும் பேசுவார்கள்.

போன மாதம் ஓபிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தார். நாற்பது வருடப் பீடி. மனைவி கூடவே வந்து, "நல்லா திட்டுங்க டாக்டர், அப்பவாச்சும் புத்தி வரட்டும்" என்றார்.

திட்டவில்லை. "அண்ணே, காலையில எழுந்து எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" என்று கேட்டேன்.

"நேரமா? கண்ணு முழிக்கும்போதே கை தலைமாட்டுக்குப் போயிடும் சார்."

உட்கார வைத்து அதக்குவதைச் சொல்லிக் கொடுத்தேன். என் பின்னால் வரிசை சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து வந்தார். பதினான்கு நாளில் பதினொரு நாள் பீடி இல்லை. மூன்று நாள் குடித்திருக்கிறார், அதில் இரண்டு நாள் ராத்திரி லோடு. கம் வாங்கக் காசு இடிக்கிறது என்றார். பீடிக் கட்டு எவ்வளவு, கம் எவ்வளவு என்று சீட்டுக்குப் பின்னால் கணக்குப் போட்டோம். பீடிதான் மலிவு, அதில் பொய் சொல்ல முடியவில்லை. ராத்திரி லோடு அன்றைக்கு மட்டும் கூடுதலாக வைத்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த தேதி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை வருவார்.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்க. ஓபி முடிஞ்சு வந்து ஒவ்வொண்ணா பதில் சொல்றேன்.